வாசல் மரத்து ஆணி

எங்கள் வாசல் மரத்தில் ஆணி இல்லை என்று வாய் கூசாமல் சொன்னவள் நான்தான்.

ஊருக்கே சோறு போட்டது மரம் அறுக்கும் மில் ஒன்றுதான். சுற்றியிருந்த காட்டை நாங்களே அறுத்துத் தீர்த்தாயிற்று. வெளியிலிருந்து தடிமரம் ஏற்றி வரும் லாரியும் நின்றுவிட்டது. தொடர்ந்து மூன்று நாள் ரம்பம் ஓடாவிட்டால் மில்லுக்குப் பூட்டுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். மில் போனால் அவர் கொடுத்த வீடுகளும் போய்விடும். இரண்டு நாள் சும்மா போனதும், வாசல் மரங்களை வெட்டிக் கொடுப்பது என்று எல்லோருமாக முடிவு செய்தோம்.

மில் மேஸ்திரி வீடு வீடாக வந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல ஒரு முகம். அடுத்த வீட்டு மரத்தில் ஊஞ்சல் கொக்கி, எதிர்வீட்டு மரத்தில் விளக்கு மாட்டிய ஆணி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓடுகிற ரம்பம் இரும்பில் பட்டால் அறுந்து தெறிக்கும். மிஞ்சியது எங்கள் மரம் ஒன்றுதான்.

"உள்ள இரும்பு ஏதும் இருக்கா?"

"ஒரு குண்டூசி கூட ஏறினதில்லங்க. வேணும்னா தடவிப் பாருங்க."

கல்யாணமான புதிதில் துணிக்கொடி கட்ட நானே ஓர் ஆணி அடித்திருந்தேன். மரம் பருத்து, பட்டை மூடி, அடித்த இடமே தெரியவில்லை. இத்தனை பெரிய மரத்தில் ரம்பம் தேடிப் போய் அதன் மேலா படப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரம்பத்தில் நிற்பவர் என் கணவர். அது தெரியாமலா சொன்னேன்? தெரிந்துதான் சொன்னேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்றைக்கே மரத்தை வெட்டி மில்லுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மில் சத்தம் பட்டென்று நின்றது. சோப்பு நுரைக் கையோடு ஓடினேன். மரத்தூளெல்லாம் சிவப்பு. அவர் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

புது ரம்பம் வாங்க முதலாளிக்கு மனமில்லை. மில்லைப் பூட்டினார். மாதக் கடைசிக்குள் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார். தெருவில் ஒருவர்கூட எங்களைத் திட்டவில்லை. அவர்களுக்கு நல்ல மனசு என்று நினைத்து அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"என்னங்க, அந்த ஆணிய அடிச்சது நான்தான். தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன்."

"தெரியும்."

"எப்படிங்க?"

"இரும்பு ஏறின மரம்னா வெட்டின பக்கத்துல கறுப்பா கறை ஓடியிருக்கும். தடிய ரம்பத்துல ஏத்தும்போதே பார்த்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்துட்டுமா கைய வச்சீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொல்லிட்டு எதை அறுக்கறது? அன்னிக்கு மூணாவது நாள்." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் மட்டுமா பார்த்தேன்? மேஸ்திரியும் பார்த்தாரு. எல்லாரும் பார்த்தாங்க. பார்த்துட்டு, சத்தமில்லாம ரெண்டடி பின்னால போய் நின்னுக்கிட்டாங்க."