தலைகீழாய்த் தொங்கிய ஊர்

ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்கு வந்த சட்டைக் கட்டைப் பிரித்ததுமே ஜோக்கன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிவப்புத் துணி நன்றாகத்தான் இருந்தது. முன்பக்கத்து எண்கள் பளிச்சென்று இருந்தன. தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் மட்டும், ஊர்ப் பெயரும் ஆட்டக்காரியின் பெயருமாக அவன் உருவாக்கிய எழுத்துகள், ஒன்று விடாமல், தலைகீழாக நின்றன. நேபாள்கஞ்ச் அச்சுக்கடைக்காரன் தாளைத் திருப்பி வைத்துவிட்டான் போலிருக்கிறது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த எழுத்துக்கு எது தலை, எது கால் என்று அறிந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவனோ ஜமுனிபார் கிராமத்தில் தன் அரிசி மில் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான்.

"சித்தப்பா, எப்படி இருக்கு?" கோல்கீப்பர் சம்ஜனா அதற்குள் ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டினாள்.

"அம்சமா இருக்கும்மா" என்றான். வேறென்ன சொல்ல? புத்தாண்டு மாகி திருவிழாவின் கடைசி ஆட்டம், இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்கப்போகிறது. பெண்கள் ஒருத்தி முதுகை ஒருத்தி தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஊரில் பேசும் தாரு மொழிக்கென்று தனியாக எழுத்து வேண்டும் என்கிற கிறுக்கு அவனுக்கு எப்போது பிடித்தது என்று அவனுக்கே நினைவில்லை. நாகரி எழுத்தில்தான் எல்லோரும் எழுதினார்கள். அதன்மேல் அவனுக்குப் பகையும் கிடையாது. ஆனால் வீட்டுச் சுவரில் பெண்கள் மண்ணைக் குழைத்து வைக்கிற மீனையும் மயிலையும் பார்க்கும்போதெல்லாம், அந்த வளைவுகளில் ஒரு 'க' இருக்கிறது, ஒரு 'ம' இருக்கிறது என்று தோன்றும். தோன்றியதை மில்லுக்கு வரும் நெல் மூட்டைகளில் சொந்தக்காரர் பெயர்களாகக் கரியால் எழுதிப் பழகினான். "நத்தை ஊர்ந்த மாதிரி இருக்கு" என்று டீக்கடை லகனு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். மனைவி புத்னி ஒருபடி மேலே போய், "நத்தையாச்சும் குழம்புக்கு ஆகும்" என்றாள்.

போன மாகியில், வயிற்றில் அரிசிக் கள்ளும் வாயில் வீறாப்புமாக, ஊர்க்கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று சொல்லிவிட்டான்: அடுத்த மாகி முடிவதற்குள் வேறு ஒரே ஓர் ஆளாவது இதைப் படிக்காவிட்டால் கரித்துண்டைத் தொடமாட்டேன் என்று. ஊர் கைதட்டியது. ஒரு வருஷம் ஓடிவிட்டது. யாரும் படிக்கவில்லை. இன்றோடு கெடு முடிகிறது. பாவம் பார்த்தோ பாசத்தினாலோ சம்ஜனாதான் சட்டையில் அந்த எழுத்தைப் போடலாம் என்றாள். அதுவும் இப்படி ஆகிவிட்டது.

மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. சோளக்கொல்லைப் பக்கத்து கோலுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம் ஆவி பறக்கும் டிக்ரிக் கொழுக்கட்டையைச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது. நடுவில் புத்னி. ஜோக்கன் எதிர்ப்பக்கம் போய், யார் கண்ணிலும் படாமல் ஓர் ஓரமாக நின்றுகொண்டான். பந்து எங்கே போகிறது என்றே அவன் பார்க்கவில்லை. சிவப்பு முதுகுகள் அங்கும் இங்கும் ஓடின. அத்தனையிலும் அவன் ஊர் கவிழ்ந்து கிடந்தது. மனசு அப்படி வலித்தது அவனுக்கு.

திடீரென்று கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மைதானத்தையே கிழித்தது.

"அடியே சம்ஜனா! உன் முதுகுல ஊரு தலைகீழாத் தொங்குதுடி! உன் பேரும்தான்!"

புத்னியின் குரல். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்ஜனா திரும்பிப் பார்த்த நேரத்தில் பந்து அவளைத் தாண்டி வலைக்குள் போனது. எதிரணி கூத்தாடியது. நடுவர் இடைவேளைக்கு ஊதினார். ஜமுனிபார் ஆட்கள் யாரும் கோலைப் பார்க்கவில்லை. எல்லோரும் புத்னியைப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு நின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜோக்கன் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினான். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமாம்! யாரு மூட்டை யாருதுன்னு தெரியாம தினம் திட்டு வாங்குனது நீங்களா, நானா? கத்துக்காம என்ன பண்றது?"

"ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா உங்களைப் பிடிக்க முடியுமா? கூரைமேல ஏறி நின்னுக்குவீங்க."

"புருஷன் மானத்தைக் காப்பாத்தப் புளுகுது" என்று லகனு குறுக்கே வந்தான். "ஊர் பேரு யாருக்குத் தெரியாது? முகத்தைப் பாத்து ஆள் பேரைச் சொல்லிடும். ஏ புள்ளைங்களா, ஒருத்தி சட்டையை ஒருத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வாங்கடி!"

பெண்களுக்கு அது போதாதா? வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சம்ஜனாதான் முதலில் சட்டையை அரைக்கால் சட்டைக்குள் இறுக்கிச் செருகி, கைகளைப் புல்லில் ஊன்றித் தலைகீழாக நின்றாள். பார்த்தவர்கள் ஓவென்று கத்த, மற்றவர்களும் வரிசையாகக் கவிழ்ந்தார்கள். பிடித்துக்கொள்ள ஊர்ப்பெண்கள் ஓடி வந்து கணுக்கால்களைப் பற்றினார்கள். கோல் கோடு முழுக்கக் கால்கள் வானத்தைப் பார்த்து நிற்க, எழுத்துகள் நேராக நின்றன.

புத்னி கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். "பி... ப... னா. பிபனா" என்றாள் சம்ஜனாவின் முதுகைப் பார்த்து. கவிழ்ந்திருந்த பிபனா எங்கிருந்தோ "ஆமா!" என்று கத்தினாள். அடுத்தது சரி. அதற்கடுத்ததும் சரி. ஜோக்கனுக்குக் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. காது மட்டும் தெளிவாகக் கேட்டது. இனி உலகத்தில் இரண்டு பேர். அவனுக்குச் சத்தம் போட்டு அழவேண்டும்போல் இருந்தது. லகனு குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். கடைசி முதுகுக்கு முன்னால் புத்னி நின்றுவிட்டாள். குனிந்து கண்ணைச் சுருக்கினாள். ஓர் எழுத்தின் வளைவை விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். ஜோக்கனுக்கு அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். கவிழ்ந்து நின்ற பெண்ணின் முகம் சிவந்து, பின்னல் புல்லில் புரண்டது. கை வெடவெடவென்று ஆடியது.

"அத்தை, சீக்கிரம்!"

"இருடி, ஆடாத" என்றாள் புத்னி. "வாசிக்க விடு."