ஊருக்குள் போகாத வண்டி

கரண்டியை உதட்டருகே கொண்டுசென்றபோது தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பால் கன்னத்தில் வழிந்தது. மகள் அதைத் துணியால் ஒற்றியெடுத்தாள். எட்டு மாத வயிறு கட்டிலில் இடித்தமையால், நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு அமர்ந்திருந்தாள்.

“குழந்தைக்கு இதயத்துல ஓட்டைன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு எதுக்கும்மா பாலு?” என்றார் அவர்.

அச்சொல் வீட்டிற்குள் நுழைந்த விதம் எளியது. முந்தைய நாள் ஸ்கேன் எடுத்த மருத்துவர், “இதயத்துல ஓட்டை திறந்திருக்கு, இரத்தம் நல்லா போகுது, இப்ப இப்படித்தான் இருக்கணும்” என்று கூறினார். அவளுடைய கணவன் அதில் முதற்பகுதியை மட்டும் செவிமடுத்து, வெளியே ஓடி, அவள் தாய்க்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டான். தாய் சமையலறையில் நின்று அழுதாள். சுவருக்கு இப்பால் படுத்திருந்தவருக்கு நுரையீரல்தான் கெட்டிருந்ததே தவிர, காது கெடவில்லை.

“அது நோயே இல்லப்பா.”

“ஆமா, எனக்குங்கூட நோய் இல்ல. வெறும் சளி. அடுத்த வாரம் எழுந்து நடக்கப்போறேன், உங்கம்மா சொல்லிட்டா. மாப்பிள்ளை என்னைக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறாராம்.”

அவர் வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். பணிமனையில் அவருக்கு ‘ஏர் பிரேக்’ என்று பெயர். எதையேனும் நம்பாதபோது அவர் விடும் பெருமூச்சு, பேருந்து நிற்கையில் பிரேக் சீறுவது போன்றது. இப்போதும் அதை விட முயன்றார். அது பாதியில் இருமலாக முறிந்தது.

வாயிற்படியில் நின்ற தாய், பேச்சை மாற்றும்படி கண்ணால் சைகை காட்டினாள். மகள் அதைக் கண்டும் காணாதவள்போல் இருந்தாள். பல மாதங்களாக அந்த அறையில் ஒரே பொய் புழங்கியமையால், அங்கே எந்த உண்மையும் எடுபடாது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. இவர் இந்தக் கவலையுடனேயே போய்விடுவார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அப்பா, உங்க நுரையீரல் இனிமே சரியாகாது. இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாங்க எல்லாரும் உங்ககிட்ட பொய் சொன்னோம்.”

“அடிப்பாவி!” என்றாள் தாய்.

தந்தை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கம்மா மூஞ்சி எப்பவோ சொல்லிடுச்சு. வாயால சொன்னது நீ ஒருத்திதான்.” சற்று மூச்சு வாங்கினார். “சரி, இப்ப சொல்லு. குழந்தைக்கு என்ன?”

“உள்ள இருக்கற குழந்தை மூச்சு விடாதுப்பா. நுரையீரல் பூரா தண்ணி. அதுக்கு வேண்டிய காத்து என்கிட்டேருந்து நஞ்சுக்கொடிக்கு வந்து, தொப்புள்கொடி வழியா போகுது.”

“அப்ப உன் இரத்தந்தான் அதுக்குள்ள ஓடுதா?”

“இல்ல, அது தனி, இது தனி. நடுவுல மெல்லிசா ஒரு சுவர். காத்தும் சத்தும் மட்டும் தாண்டும்.”

“குடித்தனம் தனி. கரண்டு மட்டும் வீட்டுக்காரம்மாவோடது.”

அவள் சிரித்துவிட்டாள். பின்னர், ஸ்கேன் மருத்துவர் சொல்லித்தந்தபடி, தன் மணிக்கட்டில் விரலால் கோடிழுத்து விளக்கினாள். கருவின் இதயத்தில் மேலறைகள் இரண்டிற்கும் இடையே ஒரு திறப்பு உண்டு. கொடிவழி வந்த நல்ல இரத்தத்தின் பெரும்பகுதி அதன் வழியே இடப்புறம் கடந்துவிடும். கடவாமல் நுரையீரலை நோக்கிச் செல்லும் இரத்தத்தையும் ஒரு குறுக்குக்குழாய் பெரிய தமனிக்குத் திருப்பிவிடும்.

தந்தையின் கண்கள் அகன்றன. “பைபாஸ்!”

“ஐயோ, பைபாஸா? குழந்தைக்கு ஆபரேஷனா?” என்று தாய் உள்ளே ஓடிவந்தாள்.

“ரோடுடி, ரோடு! ஊருக்குள்ள ஏற ஆளில்ல, இறங்க ஆளில்ல. வண்டி எதுக்கு உள்ள போகணும்? வெளியோடயே போயிடும்.”

“கொஞ்சம் மட்டும் உள்ள போகும்ப்பா.”

“போகணும். ரோடு பழக்கம் விட்டுப்போகக் கூடாது.” கண்களை மூடிச் சிந்தித்தார். “பொறந்தப்புறம்?”

“முதல் மூச்சுல நுரையீரல் விரியும். இரத்தம் உள்ள போய்த் திரும்பி வரும். அந்த அழுத்தத்துல ஓட்டை மேல இருக்கற மடிப்பு சாத்திக்கும். குறுக்குக்குழாயும் சில நாள்ல சுருங்கிடும்.”

“யாரு சாத்துறது?”

“யாரும் இல்ல. அதுவாவே.”

“அப்ப நல்லா அழணும்.”

“ஆமாப்பா.”

“அழும், அழும். உனக்குப் பொறக்கறது ஊரையே கூட்டும்.”

அதன்பின் அவர் பாலைக் கேட்டு வாங்கிக் குடித்தார். மகளின் வயிற்றைத் தொட அதுவரை கூச்சப்பட்டவர், கையை மெல்ல நீட்டி, “இங்கதானே?” என்றார். அவள் அந்தக் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அவ்வாறே உறங்கிப்போனார்.

சன்னலில் வெயில் தணிந்தது. மூச்சுகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டது. பின்னர் ஒரு மூச்சு வெளியேறியது; அடுத்தது வரவில்லை. மகள் காத்திருந்தாள். தாய் அருகில் வந்து அவர் நெற்றியைத் தொட்டு, “என்னங்க” என்றாள். மீண்டும், “என்னங்க” என்றாள்.

வயிற்றின்மேல் கிடந்த அவருடைய கை சற்றே உயர்ந்து தாழ்ந்தது.

“அசையுதுடி! கை அசையுது பாரு! நீ வேற, என்னென்னவோ சொல்லிட்ட…”

கை மறுபடியும் உயர்ந்தது. மகள் தாயின் கையைப் பற்றி, தந்தையின் கைக்கு அருகில், தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

உள்ளிருந்து வந்த உதையில் இரு கைகளும் சேர்ந்து உயர்ந்தன. தாய் கையை எடுக்கவில்லை.