மாப்பிள்ளைக்குக் கட்டும் பழைய வாட்ச்

1

இந்தக் கதையில் நிஜமாக என் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், வாட்ச் ரிப்பேர் கடையில் ஓர் இளைஞன் சொன்னது: "டயலுக்கு பெயிண்ட் அடிச்சிராதீங்கண்ணே, மாப்பிள்ளைக்குக் கட்டுறது." நான் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் என் கைவேலை.

2

முதல் தொடக்கம்: 'காலம் என்பது ஒரு…'

(வேண்டாம். வாட்சைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் இதுதான் முதலில் வந்து தொலைக்கிறது.)

அடுத்தது: பேகம்பூர் அஸ்பாக், தங்கை மாப்பிள்ளைக்குக் கட்ட, செம்பட்டியில் ராமர் என்பவரிடம் சாவி கொடுத்து ஓட்டும் பழைய வாட்ச் ஒன்றை வாங்கினான். புதுசு விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. ஆனால் ஓடவில்லை.

இது இருக்கட்டும்.

ரிப்பேர்க்காரருக்கு ராயப்பராஜ் என்று பெயர் வைத்தேன். அவர் வாட்சைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, சுருள்வில்லையும் கண்ணாடியையும் மாற்றினார். ஓடியது. டயலில் மட்டும் டீ சிந்திய மாதிரி பழுப்பு.

"இதையும் வெள்ளையாக்கிருவோம். நிக்காஹ் அன்னைக்கு மச்சான் கட்டுற வாட்சு, பளிச்சுனு இருக்க வேணாமாப்பா?"

"பளிச்சுனு இருந்தா மாப்பிள்ளைக்குப் பிடிக்காதுண்ணே."

"அது எப்பிடி ஒனக்குத் தெரியும்?"

அஸ்பாக் சட்டென்று ஸ்ட்ராப்புகளைப் பார்க்க ஆரம்பித்தான்.

3

எப்படித் தெரியும் என்பதுதான் சிக்கலே. தங்கை நர்கீஸ் சொன்னாள். அவளுக்கு மாப்பிள்ளை முகமது பாரூக் சொன்னான், போனில். நிக்காஹுக்கு முன்னால் பேசவே கூடாது என்பது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போட்ட கட்டளை.

"பழசு, மொகம் மாறாம இருக்கணுமாம்ணே. அதுல ஒரு கிறுக்கு அவுகளுக்கு."

"ஊரு என்னையக் கஞ்சப்பயனு சொல்லும்டி."

"சொல்லட்டும். பொய்யா சொல்றாக?"

போன் விஷயம் தெரியாத அம்மா ஜெய்தூன் பீவி சிரிக்கவில்லை. "பழசக் கட்டுனா நாளைக்கு அவளத்தான்டா குத்திக்காட்டுவாக."

(பாரூக் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. போனில் ஆசையைச் சொல்கிறவன் சபையில் வாய் திறப்பானா? அடித்து அடித்து எழுதினேன். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்கிறான்.)

4

ஒரு முடிவு எழுதினேன். அஸ்பாக் பயந்துபோய் டயலுக்கு வெள்ளையடிக்கச் சொல்கிறான். சபை மெச்சுகிறது. பாரூக் மரியாதைக்குச் சிரிக்கிறான். அந்த வாட்சை அதன் பிறகு அவன்…

(கிழித்துவிட்டேன். என் பிரதிகளை நான் இப்படித்தான் வெள்ளையடிக்கிறேன். அஸ்பாக்காவது அதைச் செய்யாமல் இருக்கட்டும்.)

5

நிக்காஹ் முடிந்தது. அஸ்பாக் வாட்சைக் கட்டினான். மாப்பிள்ளையின் தாய்மாமன் மீரான் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கறை பிடிச்சிருக்கு? பழசா?"

"ஆமா மாமு. நான்தான் பழசா பாத்து வாங்குனேன்."

"ஏன், புதுசு வாங்க வக்கில்லையா?"

உண்மையைச் சொன்னால் போன் விஷயம் வெளியே வரும். நர்கீஸ் முதல் நாளே தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் கஞ்சன் வீட்டுப் பெண்ணாகப் போய்ச் சேருவாள். அஸ்பாக் மாப்பிள்ளை கையில் ஸ்ட்ராப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

பாரூக் நிமிர்ந்தான்.

"மாமு, இந்த வாட்சு…"

இதற்கு மேல் நான் எழுதிய எதுவும் அவன் வாயில் நிற்கவில்லை. மீதியை நீங்களே சொல்லுங்கள். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள்: துஆ ஓதிய மைக்கை இன்னும் யாரும் அணைக்கவில்லை. பெண்கள் பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் கீழேதான் நர்கீஸ் உட்கார்ந்திருக்கிறாள்.