வேலிக்கு அந்தப் பக்கத்து விசில்

காட்டோர முகாமுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டீச்சர் நடத்தும் முதல் பாடம் வாயை மூடிக்கொண்டிருப்பது. அது என்ன லேசுப்பட்ட காரியமா? செல்போனை வாங்கி வைத்துவிட்ட துக்கத்தில் பாதிப் பேர், தூக்கக் கலக்கத்தில் மீதிப் பேர். ஒருவழியாக அதட்டி உருட்டி, கம்பி வேலியோரம் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம் உள்காடு. விலங்குகள் நிம்மதியாகக் குட்டி போட்டு வளர்க்கட்டும் என்று, ஏழெட்டு வருடமாக மனிதர் யாரும் நுழையாதபடி பூட்டிவைத்திருக்கிறார்கள். பூட்டச் சொல்லி வனத்துறைக்கு எழுதிக்கொடுத்தவரும் டீச்சர்தான்.

அங்கிருந்து விசில் சத்தம் வந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

"மேடம், உள்ள யாரோ இருக்காங்க!"

டீச்சர் சிரித்தார். வருடா வருடம் இந்தக் கட்டத்துக்குத்தான் காத்திருப்பார். "யாரும் இல்ல. துடுப்புவால் கரிச்சான், வால் நுனியில துடுப்பு மாதிரி ரெண்டு இறகு தொங்குற கருப்புப் பறவை. அடிக்கடி கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லும். கேக்காதத அதால சொல்ல முடியாது. இது என் அண்ணன் விசில். முன்னாடி இந்த முகாம அவர்தான் நடத்தினார். பிள்ளைங்கள இப்படித்தான் கூப்பிடுவார்."

அந்த அண்ணன், காட்டைப் பூட்டுவதற்குச் சற்று முன்பு, ஒரு மழைநாளில் உள்காட்டுக்குள் போனவர், திரும்பவில்லை. தேடப் போனவர்கள் கடைசி நாளன்று இதே விசிலைக் கேட்டு விழுந்தடித்து ஓடினார்கள். அது பறவை, அதன் பின்னால் ஓடாதீர்கள் என்று தடுத்து, தேடலை முடித்துவைத்தவர் டீச்சர். படித்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது? அண்ணி மட்டும் அன்றிலிருந்து இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிள்ளைகள் 'கேள்வி மூட்டை' என்று கூப்பிடும் பெண் பைனாக்குலரைத் தூக்கினாள். "அதோ இருக்கு மேடம். ஆனா வால்ல துடுப்பையே காணோமே?"

"இந்த வருஷக் குஞ்சு. இனிமேதான் முளைக்கும்."

"அப்ப உங்க அண்ணன் விசில அது எப்படிக் கேட்டுச்சு?"

டீச்சர் பைனாக்குலரை வாங்கிப் பார்த்தார். "தாய் தகப்பன்கிட்ட கத்துக்கிட்டிருக்கும்" என்றார். பதில் சரிதான். குரல்தான் அவருடையதாக இல்லை.

கரிச்சான் தொண்டையை உப்பிக்கொண்டு மறுபடி விசிலடித்தது. அதோடு நிற்காமல் இருமியது. வறட்டு இருமல், மூச்சு வாங்கி வாங்கி, வயதானவர் இருமுவதுபோல.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "உங்க அண்ணன் நிறைய சிகரெட் பிடிப்பாரோ மேடம்?"

அண்ணன் சிகரெட்டைத் தொட்டதில்லை. காணாமல் போகும் நாள்வரை அவர் இருமி டீச்சர் கேட்டதே இல்லை. கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா?

"சாவியக் குடுங்க" என்றார், வேலி வாசலில் நின்ற வனக் காவலரிடம்.

"மேடம், யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு நீங்கதானே..."

"குடுங்கன்னா குடுங்க!"

பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தார். சாவி நுழைந்ததே தவிர திரும்பவில்லை. பின்னால் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தி, சொல்லிக்கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கரிச்சான் கிளையை விட்டு எப்போதோ பறந்துபோயிருந்தது.

உள்ளே இருமல் மட்டும் நிற்கவில்லை.