கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் தெரு நடைபாதையின் நடுவில் நகராட்சி ஒரு வெள்ளைக்கோடு போட்டது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. கோட்டுக்குச் சுவர்ப் பக்கம் நடப்பவர்களுக்கு, சாலைப் பக்கம் சைக்கிள்களுக்கு. காதுக்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நடைபாதை மொத்தமே நாலு பேர் தோளோடு தோள் உரசி நிற்கிற அகலம். அதிலும் பாதியை வெட்டிவிட்டால் மிச்சத்தில் ஒரு ஆளும் அவருடைய கௌரவமும் நடக்கலாம். என் கணவர் நடந்தார். இடம் மீந்தால் நானும் நடந்தேன்.

கோடு வருவதற்கு முன்பு அங்கே தினமும் குடுமிப்பிடிச் சண்டை. நடப்பவர்கள் சங்கத்துக்கு என் கணவர் செயலாளர். எதிர்த்தரப்புக்குத் தலைமை, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். சாலையில் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்த மாதிரி ஓடுவதால் அவரும் அவரைப் போன்றவர்களும் நடைபாதையில் ஏறித்தான் சைக்கிள் ஓட்டினார்கள். கூட்டத்துக்கு வந்தால்கூட வாத்தியார் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார். எங்கள் வீட்டில் அவர் பெயர் ஹெல்மெட்.

என் வீட்டுக்காரர், இவரைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கேஸ்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். யாராவது அடிபட்டார் என்றால் நாம் "பிழைச்சாரா?" என்று கேட்போம். இவர் "எங்கே கிடந்தார்?" என்று கேட்பார். ஆள் கிடந்த இடம்தான் கேஸ், மற்றதெல்லாம் கதை என்பது இவருடைய வேதம். ஓய்வு பெற்றபின் இந்த ஞானத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு நடைபாதை வாய்த்தது.

"எல்லாம் உனக்காகத்தானே பண்றேன்? நாள் பூரா நின்னுட்டு வர்றே. சாயங்காலம் நிம்மதியா நடக்க ஒரு இடம் வேணாமா?" என்பார்.

இடம் வேண்டும் என்பது உண்மைதான். நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். காலையில் கவுண்டருக்குப் பின்னால் ஏறினால் கடை சாத்தும்வரை கால்தான் எனக்கு முதல். எந்த டாக்டரின் கிறுக்கலையும் நின்ற நிலையில் படித்து, ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து மாத்திரையை எடுத்து, சீட்டைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். முதலாளி என்னைக் "குதிரை" என்று கூப்பிடுவார். எனக்கு அது பிடிக்கும். அப்படி நின்ற கால்கள் கொஞ்சம் வீசி நடந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

கோடு போதாது, முழு நடைபாதையும் வேண்டும் என்று இவர் எழுதிய மனுக்கள் எல்லாம் நகராட்சியில் தூங்கின. கடைசியில் அங்கிருந்த ஆய்வாளர் ஒருநாள் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். யாருக்காவது பலத்த அடி பட்டால், அதுவும் கோட்டுக்கு நடப்பவர்கள் பக்கம் இருக்கும்போது பட்டால், சைக்கிள்களை அடியோடு நிறுத்த வழி உண்டாம். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்றிலிருந்து தடி ஊன்றி நடக்கிற கிழங்களைக் கண்டால் நின்று நலம் விசாரிக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தராவது விழ மாட்டேங்கிறாங்களே."

நான் சிரித்தேன். தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

சங்கத்தாருக்கு இவர் ஒரு பாடம் நடத்தியிருந்தார். பின்னால் மணி அடித்தால் ஒதுங்கக் கூடாது. ஒதுங்கினால் அவர்கள் உரிமையை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்படியே மரமாக நிற்கவேண்டும். ஹெல்மெட்டும் தன் ஆட்களுக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எவர் வந்தாலும் பிரேக் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அது பொது இடம் என்று ஆகிவிடும்.

அன்று மாலை என் மனசு குளிர்ந்திருந்தது. முதலாளி பஸ் நிலையத்தின் பக்கத்தில் இன்னொரு கடை திறக்கிறார், அதற்கு என்னைத்தான் பொறுப்பாகப் போடப்போகிறார். மதியம் கூப்பிட்டுச் சொன்னார். சாவியையே கையில் கொடுத்துவிட்டார். அதை இவரிடம் சொல்லவேண்டும். இவரோ நடைபாதையின் நம் பாதியில் நட்டநடுவே, கைகளை ஆட்டிக்கொண்டு, அடுத்த மனுவை வாயாலேயே எழுதியபடி போய்க்கொண்டிருந்தார். நல்ல சேதியை ஒரு முதுகிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று எட்டி நடந்து பக்கத்தில் வந்தேன். முடிவெட்டும் கடை வாசல் அது. என் இரண்டு காலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"ஏங்க, ஒரு விஷயம்" என்றேன்.

பின்னால் மணி அடித்தது.

பழக்கதோஷம், நான் மரமாக நின்றேன். ஹெல்மெட் அவர் பாடத்தின்படி பிரேக்கைத் தொடவில்லை. இரண்டு பாடமும் என் இடுப்பில் வந்து சேர்ந்தன.

விழுந்ததும் முதலில் வலிகூடத் தெரியவில்லை. இடது இடுப்பில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு சூடு. மருந்துக்கடைக்காரி அல்லவா, உடனே கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன். அசைந்தன. முட்டியையும் லேசாக மடக்க முடிந்தது. பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஹெல்மெட் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் தலைமாட்டில் வந்து நின்றார். அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"மேடம், கோட்டைத் தாண்டி வந்தது நீங்க. நல்லா பாத்துக்கோங்க, நீங்கதான்" என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து செல்போனை எடுத்தார். நான் கிடக்கிற இடத்தைப் படம் பிடிக்கவேண்டும். கையில் கையுறை. தடித்த விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார், போன் மசியவில்லை. கையுறை நுனியைப் பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தார்.

இவர் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை என்றால், என் முகத்தை இல்லை. கோட்டைப் பார்த்து, நான் கிடந்த இடத்தைப் பார்த்து, மறுபடி கோட்டைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். பைத்தியக்காரி நான், என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"தொடாதீங்க. வலிக்குது. அப்படியே விடுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோ, ஒரு நிமிஷம்" என்றார். என்றவர் இழுத்தார்.

உடம்பு போயிற்று. கால் கூடவே வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றை விட்டுப் பிரிந்தது எனக்கே கேட்டது. நான் கத்திய கத்தலில் முடிவெட்டும் கடையிலிருந்து பாதி சவரம் செய்த முகங்கள் எட்டிப் பார்த்தன. இவர் நிறுத்தவில்லை. சுவரோரம்வரை கொண்டுவந்து போட்டபிறகுதான் என் இடது பாதம் இன்னும் கோட்டுக்கு வெளியே இருப்பதைக் கவனித்தார். செருப்போடு அதையும் தூக்கி உள்ளே வைத்தார். வைத்து, நேராக்கினார்.

ஹெல்மெட்டின் கையுறை அப்போதுதான் கழன்றது. படம் எடுத்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது பக்கத்தில் டாக்டரம்மா மட்டும் இருந்தார். இவர் வராந்தாவில் யாரிடமோ போனில் விபத்தை வருணித்துக்கொண்டிருந்தார், குரல் உள்ளேவரை கேட்டது.

"விழுந்ததுல எலும்பு விரிசல்தான் விட்டிருக்கும்மா. ரெண்டு ஸ்க்ரூவோட போயிருக்கும், கொஞ்ச மாசத்துல ஓடியிருப்பீங்க. யாரோ உங்களை இழுத்திருக்காங்க. எலும்பு முழுசா விலகி நரம்பை நசுக்கிடுச்சு. இனிமே அந்தக் கால் உங்களைத் தாங்காது" என்றார். "யாரு இழுத்தது?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. மயங்கிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கையில் கிடைத்த ஒன்றை உடனே செலவழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அன்று முழுக்க நான் அழுதேன். புதுக் கடைச் சாவியை முதலாளி ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். கூடவே ஒரு பை பழம் வந்தது. நாத்தனார் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பழத்தை உரித்துத் தின்றபடியே, "எங்க அண்ணன் உனக்காகச் சோறு தண்ணி இல்லாம அலையுது. நீ கொடுத்துவச்சவ" என்றாள்.

ஆய்வாளர் விசாரணைக்கு வார்டுக்கே வந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் இவர், மறுபக்கம் ஹெல்மெட். ஹெல்மெட் தன் போனிலிருந்த படத்தைத் தானே காட்டவேண்டியதாயிற்று. வேறு அத்தாட்சி அவரிடம் இல்லை. முடிவெட்டும் கடையில் எல்லாரும் நடப்பவர்கள் கட்சி, எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார்கள். படத்தில் நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், விளக்கிவைத்த பாத்திரம் மாதிரி ஒழுங்காகக் கிடந்தேன்.

"சார், இது அப்புறம். முதல்ல இவங்க கோட்டுக்கு எங்க சைக்கிள் பக்கம்தான் கிடந்தாங்க. நான் கையுறையைக் கழட்டறதுக்குள்ளே இவர் இழுத்துப் போட்டுட்டார்" என்றார் ஹெல்மெட்.

ஆய்வாளருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிற பொண்டாட்டியை எந்தப் புருஷனாவது இழுப்பானா? பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற வாயா இது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நடந்தது என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவர் முகத்தில் நான் குற்ற உணர்ச்சியைத் தேடினேன். கெஞ்சலையாவது தேடினேன். இரண்டும் இல்லை. சாட்சி தேறுமா தேறாதா என்று கம்பெனியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. என் ஒரு சொல்லில் இவர் கவிழ்ந்துவிடுவார். ஹெல்மெட் தப்பித்துவிடுவார். நான் ஹெல்மெட்டின் கைகளைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கை ஒரே ஒரு தடவை என் பக்கம் நீண்டிருந்தால், ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்திருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"எந்தப் புருஷன் சார் அப்படிச் செய்வான்?" என்றேன்.

இவர் என் கையைப் பிடித்து அமுக்கினார், கெட்டிக்காரி என்பதுபோல.

பள்ளிக்கூடம் ஹெல்மெட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பொய் சொன்ன ஆள் பிள்ளைகளிடம் இருக்கக் கூடாதாம். டியூஷன் சொல்லிக்கொடுக்க வீடு வீடாகச் சைக்கிளில் போனார், இப்போது சாலையில். ஒரு லாரி உரசியதில் வலது கை போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

நடைபாதை முழுவதும் நடப்பவர்களுக்கே ஆயிற்று. சைக்கிள் ஏறாதபடி இரண்டு முனையிலும் நெருக்கமாக இரும்புத்தூண் நட்டார்கள். சங்கத்தார் வீட்டுக்கு வந்து இவருக்குக் கைகொடுத்தார்கள். மனைவியைப் பலிகொடுத்து மக்களுக்கு வழி வாங்கித்தந்தவர் என்று ஒருவர் பேசினார். இவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் சக்கர நாற்காலியில் ஒரு ஓரமாக இருந்தேன்.

மறுநாள் மாலை என்னை வெளியே கூட்டிப்போகச் சொன்னேன். இவருக்கு ஏகக் குஷி. சாதித்த இடத்தைக் காட்டவேண்டுமே. நடைபாதை முனையில் கொண்டுபோய் நாற்காலியைத் தூண்களுக்கு நடுவே விட்டார். நுழையவில்லை. பின்னால் இழுத்துச் சாய்த்து விட்டார். சக்கரம் இரும்பில் இடித்து நின்றது. பின்தெரு வழியாகச் சுற்றி மறுமுனைக்குப் போனோம். அங்கேயும் அப்படித்தான்.

"நான் ஆய்வாளரைப் பார்த்து ஒரு தூணை எடுக்கச் சொல்றேன்" என்றார். வியர்த்துவிட்டது.

"எடுத்தா சைக்கிள் ஏறுமே. வேணாம். சாலையில போங்க."

"லாரி வருதும்மா."

"போங்க."

இறக்கினார். லாரிகள் தோளை உரசிக்கொண்டு போயின. நாற்காலியின் கைப்பிடி அவர் கை நடுக்கத்தில் கடகடத்தது. எனக்கு அது பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "பயமா இருக்கு, திரும்பிடலாமா?" என்றார்.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். விரிசல், ஸ்க்ரூ, கொஞ்ச மாசத்தில் ஓட்டம், இழுத்தது, நரம்பு. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாற்காலி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது. இவர் அசையவில்லை.

"எனக்குத் தெரியாதே. எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்னைக்கே ஆய்வாளர்கிட்ட ஏன் சொல்லலை? ஏன் என்னைக் காப்பாத்தினே?"

"சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு அபராதம், நாலு பேரு திட்டு. அத்தோட முடிஞ்சிருக்கும்" என்றேன். "தள்ளுங்க."

அவர் தள்ளினார்.