நூற்று ஐம்பத்தெட்டுப் பல்

ஜெனரேட்டர் பதினோராவது முறையாகக் கிளம்பியது, பத்து நொடி உறுமியது, அடங்கிப்போனது. பலகையில் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து: அதிவேகம். குளிர்கிடங்கில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. உள்ளே நாற்பது டன் மீன். மதியத்துக்குள் இது ஓடாவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

முந்தின நாள் என்ஜினின் ஃபிளைவீலை, அந்தப் பெரிய பல்சக்கரத்தை, மாற்றியவள் கிடங்கின் மெக்கானிக். ஆகவே பழியும் அவள் தலையில் விடிந்தது.

"என்ஜின் தறிகெட்டு ஓடுது. டீசல் பம்பைக் கழட்டணும், மூணு நாள் ஆகும்" என்றார் ஜெனரேட்டர் கம்பெனி என்ஜினியர்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டே. நாளையிலேருந்து நீ வர வேணாம்."

ஏழு வருட வேலை. வீட்டில் வேறு யாரும் வேலைக்குப் போகவில்லை. ஆனால் தறிகெட்ட என்ஜின் அலறும். இது அலறவில்லை. அவள் காது அதை அடித்துச் சொன்னது.

"சார், இன்னொரு தடவை போட்டு, ஹெர்ட்ஸ் மீட்டரை மட்டும் பாருங்க."

என்ஜினியர் போட்டார். கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டும் முள் ஐம்பதில் ஆடாமல் நின்றது. பலகையிலிருந்த கன்ட்ரோலர் பெட்டியோ வேகம் ஆயிரத்து எழுநூறைத் தாண்டியதாகக் காட்டிவிட்டு என்ஜினை அணைத்தது.

"முள்ளு அம்பதுன்னா நிமிஷத்துக்குச் சுத்து ஆயிரத்தைந்நூறுதானே? அப்ப இந்தப் பொட்டிதான் பொய் சொல்லுது."

"பொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"சொல்லிக்கொடுத்தது நாமதானே சார். அதுல பல்லு எத்தனைன்னு இருக்கு?"

"நூத்தி முப்பத்தெட்டு."

ஃபிளைவீலின் பற்கள் சென்சாரைக் கடப்பதை எண்ணித்தான் கன்ட்ரோலர் வேகத்தைச் சொல்லும். ஒரு சுற்றுக்கு எத்தனை பல் என்பதை ஆட்கள்தான் அதில் பதிய வேண்டும். மேனேஜர் மலிவாகப் பிடித்து வந்தது வேறு மாடல் சக்கரம், ஸ்டார்ட்டரோடு ஜோடியாக. போல்ட் பொருந்தியதும் எல்லாருக்கும் பரம திருப்தி. பல்லை ஒருவரும் எண்ணவில்லை, அவளும்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றினாள். ஒரு பல்லில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கம்பியால் நெம்பி நெம்பிச் சக்கரத்தைத் திருப்பினாள். கூடை தூக்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் எண்ண, அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள்.

"அக்கா, இத்தனை பல்லு வச்சுக்கிட்டு இது என்னத்தைத் திங்குது?"

"நம்ம வேலையைத்தான். சும்மா எண்ணுடி."

நூற்று முப்பத்தெட்டு வந்தது, சாக்பீஸ் கோடு வரவில்லை. நூற்று ஐம்பத்தெட்டு எண்ணி முடித்த பிறகுதான் கோடு தலைகாட்டியது.

பேட்டரி ஒயரை அவள் திரும்ப மாட்டினாள். என்ஜினியர் கன்ட்ரோலரில் பல் எண்ணிக்கையை மாற்றி, ஜெனரேட்டரைப் போட்டார். பத்து நொடி. இருபது. ஒரு நிமிஷம். பலகையில் ஆயிரத்தைந்நூறு. கம்ப்ரஸர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பெண்கள் கூடைகளைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஜெயிச்சிட்டேன்டி!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

மேனேஜர் ஓடிவந்து என்ஜினியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முதலாளிக்கு ஒரு போட்டோ அனுப்பணும் சார், பலகை பக்கத்துல நில்லுங்க." பிறகு அவளைப் பார்த்தார். "நாளைக்கு வந்துடு. இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லு, உன் நிழல் விழுது."

அவள் தள்ளி நின்றாள். என்ஜினியர் கன்ட்ரோலர்மேல் விரலை வைத்துச் சிரித்தார். அந்தக் கையில் ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லை.