குட்டி மேல் கனகராஜ் வைத்த கண்

கனகராஜ் சொன்னது என்னவோ சாதாரண விஷயம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டே, "தங்கச்சி, குட்டி ரொம்ப குண்டா இருக்கு லா. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்க" என்றார். அவ்வளவுதான், சந்திரமதி குட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வளர்கிற பிள்ளையைப் பார்த்து யாராவது குண்டு என்பார்களா? சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெர்மாஸ் ஜெயாவில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? பைரவா நாலு மாதக் கிரேட் டேன் நாய்க்குட்டி. வரிசையில் இரண்டு வீட்டில் திருடன் புகுந்த பிறகு வாங்கியது. கணவர் லெட்சுமணன் விடிவதற்குள் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். பகலெல்லாம் சந்திரமதி தனிதான். காவலுக்கு வந்த குட்டி ஒரே வாரத்தில் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவளும் உருகிப்போனாள்.

கனகராஜின் நாய் போன வருடம் செத்துப்போனது. அவருக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் பக்கத்து வீட்டுக் குட்டியை ஏற இறங்கப் பார்த்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அன்று முதல் சந்திரமதி அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். துணி காயப்போடும்போது பார்க்கிறார். மோட்டார் சைக்கிளைத் துடைக்கும்போது பார்க்கிறார். குட்டியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, கால்களையே பார்க்கிறார். கால்களில் அப்படி என்ன இருக்கிறது அந்த மனிதருக்கு?

"எல்லாம் வயித்தெரிச்சல்" என்றாள் கணவரிடம்.

"அவரு செடெனாக் தோட்டத்துல மேனேஜர் வீட்டு நாயெல்லாம் பாத்துக்கிட்டவரு. ஏதோ தெரிஞ்சு சொல்றாரு லா" என்றார் லெட்சுமணன், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

அன்று சாயங்காலமே கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக் குட்டியை மூன்று முறை சுற்றி நெருப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. ஒரு தும்மல், ஒரு இருமல்? ஊஹூம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பைரவாவின் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது.

கண்ணு பட்டுக் குறைந்ததைச் சாப்பாடு கொடுத்துத்தானே ஈடுகட்ட முடியும்? காலையில் பாலும் நாலு முட்டையும், மத்தியானம் கோழியும் சோறும், சாயங்காலம் ஆட்டெலும்பு சூப். இதற்கிடையில் கடைத்தீனிக் கிண்ணம் எந்நேரமும் நிறைந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் கால்சியம் மாவு. டப்பாவில் ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தால் இவள் போட்டது மூன்று.

இரண்டு வாரத்தில் பைரவாவின் முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்தன. பாதங்கள் விரிந்து தரையில் சப்பென்று படிந்தன. சந்திரமதிக்கு இப்போது சந்தேகம் உறுதியாகிவிட்டது. மாவு ஐந்து ஸ்பூன் ஆனது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் விடிந்தபோது பைரவாவால் எழுந்திருக்க முடியவில்லை. எழப் பார்த்து, முனகி, மறுபடி படுத்துக்கொண்டது. மூட்டுகள் வீங்கிச் சுட்டன. சந்திரமதி பதறிப்போய்த் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே கனகராஜின் தலை தெரிந்தது.

"தங்கச்சி, காலு..." என்று ஆரம்பித்தார்.

"காலைப் பாத்துப் பாத்துத்தானே இப்படி ஆக்கிட்டீங்க. உங்க நாயை முழுங்கினது பத்தலையா? இனிமே எங்க குட்டியைப் பாக்காதீங்க."

தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுச் சீனத்து அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கனகராஜ் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தன் பக்கத்து வேலி நெடுக நீலக் கென்வாஸ் துணி ஒன்றை இழுத்துக் கட்டினார். பார், கையும் களவுமாக மாட்டிக்கொண்டதும் ஒளிந்துகொள்கிறார் என்று நினைத்தாள் சந்திரமதி.

லெட்சுமணன் மறுநாள் லீவு போட்டார். தெப்ராவில் இருக்கிற பிராணிகள் கிளினிக்கில் டாக்டர் ஷாமளா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குட்டி என்னென்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். சந்திரமதி ஒன்று விடாமல் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா பாதியில் நின்றது.

"குட்டி ரொம்ப குண்டா இருக்கு ஆன்ட்டி. சாப்பாட்டைக் குறைக்கணும்."

சந்திரமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கனகராஜைத் தெரியுமா?"

"யாரு?"

லெட்சுமணன் அவள் கையைப் பிடித்து அமுக்கினார்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "பெரிய ஜாதிக் குட்டிங்க மெதுவாத்தான் வளரணும். எலும்பு முத்தறதுக்குள்ள உடம்பு கனத்துட்டா கால் தாங்காது. கால்சியமும் அப்படித்தான். இந்த வயசுல அதிகமாப் போறதை உடம்புக்குத் தள்ளத் தெரியாது, எல்லாத்தையும் இழுத்துக்கும். மாவை இன்னைக்கே நிறுத்துங்க. பெரிய ஜாதிக் குட்டிங்களுக்குன்னு வர்ற தீனி மட்டும், அளந்து, மூணு வேளை. தடவினா விலா எலும்பு கைக்குத் தெரியணும்."

"கால் நேராயிடுமா டாக்டர்?"

"இடது கால் ஆகிடும்னு நினைக்கிறேன். வலதைச் சொல்ல முடியாது. மூணு வாரம் முன்னாடியே குறைச்சிருந்தா இந்தப் பயமே இல்ல."

மூணு வாரம். கனகராஜ் வேலியோரம் நின்று சொன்னாரே, அன்றைக்கு. யார் கண்ணும் படவில்லை. ஊட்டி ஊட்டிக் குட்டியை முடமாக்கியது அவள் கைதான். வீடு வரும்வரை பைரவாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

கார் நின்றபோது கனகராஜ் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இருவரும் குட்டியைத் தூக்கி இறக்குவதைக் கண்டதும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர்கள் உள்ளே போகிறவரைக்கும் அப்படியே நிற்பார் போலிருந்தது.

சந்திரமதி உள்ளே போகவில்லை. கணவரோடு சேர்ந்து குட்டியைத் தாங்கியபடி கனகராஜின் கேட் அருகே போனாள்.

"அண்ணே, டாக்டரும் நீங்க சொன்னதைத்தான் சொன்னாங்க. கெடுத்தது நான்தான்."

அவர் திரும்பவில்லை. "அதுக்குச் சரியானாப் போதும் தங்கச்சி. நீங்க உள்ளே கொண்டு போங்க. நான் பாக்கல."

சந்திரமதி கேட்டை இன்னும் நெருங்கி நின்றாள். "பாருங்கண்ணே. தினமும் பாருங்க. எது குண்டு, எது சரின்னு எனக்குத் தெரியல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

கனகராஜ் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். திரும்பியவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே அந்த வலது காலைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சந்திரமதி குட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.